சூப்பர்வைசருக்கு ஒரு டப்பா மண்

ஓசூர்
9-11-2008

சிட்டு,

இந்தப் பெயரை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. கை எழுதிவிட்டது. ஒன்றரை வருஷமாக என் வாயில் வராத பெயர். அடித்துவிட்டு வேறு தாள் எடுக்கலாம் என்றால் தாள் இல்லை. இது எங்கள் கம்பெனியில் கக்கூஸ் கதவில் மாட்டுகிற சீட்டு. எத்தனை மணிக்குக் கழுவினோம் என்று கையெழுத்துப் போடுகிற சீட்டு. பின்பக்கம் காலியாக இருந்தது.

நீ போன் பண்ணுகிறாய். நான் கட் பண்ணுகிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு ஆகாது, கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். உன் தம்பி வளர்த்த பல்லி சாகப் போகிறது.

அவன் போய் நாளையோடு இருபத்தொன்பது நாள். பல்லி இரைக்கு வாய் திறந்து பதினைந்து நாள் ஆகிறது. அதன் வால் கட்டைவிரல் தடிப்புக்கு இருந்தது, இப்போது சுண்டுவிரல் மாதிரி இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் ஒரு மூலையில் படுத்துக் கிடக்கிறது. கரப்பான் பிடித்துப் போட்டேன், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உன் புத்திதான் அதற்கும்.

இதைச் செத்துப் போக விட்டால் என்ன என்று கேட்பாய். வீட்டில் இன்னொரு சாவை என்னால் வாரிக் கொட்ட முடியாது. அவ்வளவுதான்.

நான் செய்தது ஒன்றுதான். பதினோராம் நாள் காரியத்துக்குத் தீட்டுக் கழிய வீட்டைக் கழுவினோம். துணி, பாய், பாத்திரம் எல்லாம் கழுவினேன். அந்தத் தொட்டி மண்ணையும் கொட்டி, அதில் ஊர்ந்த பூச்சி எல்லாம் சாகட்டும் என்று கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் மாடியில் காயவைத்து, சலித்துப் போட்டேன். கண்ணாடியை பினாயில் போட்டுத் துடைத்தேன். இவ்வளவு சுத்தமாக அவன் இருந்தபோதுகூட அது இருந்ததில்லை. பிறகு ஏன் சாகிறது?

அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவள் நீ. பாதியில் விட்ட படிப்பு இதற்காவது உதவட்டும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. நேரில் வர வேண்டாம்.

வீரலட்சுமி


கல்லாவி
15-11-2008

அம்மா,

நீ 'வீரலட்சுமி' என்று கையெழுத்துப் போட்டிருப்பதை நான்கு முறை பார்த்தேன். மகளுக்கு எழுதும்போதும் அதே கையெழுத்தா? சரி, சீட்டில் போட்டுப் போட்டுப் பழகியிருக்கும்.

நீ எழுதியதைப் படித்து முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மூன்று மாதம் உயிர் வளர்த்த மண் அம்மா அது. அதில் பூச்சிகள் தற்செயலாக ஊரவில்லை. அவன் விட்ட பூச்சிகள். சாம்பல் நிறத்தில், முதுகில் ஓடு போட்டு, தொட்டால் மிளகு மாதிரி உருண்டுகொள்ளுமே, அது ஒன்று. உப்புத் தூள் மாதிரி வெள்ளையாகக் குதிக்கிற பொடிப்பூச்சி ஒன்று. பல்லி போடுகிற எச்சத்தை, பூஞ்சையை, உதிர்ந்த தோலை எல்லாம் அவைதான் தின்று மண்ணாக்கும். அதனால்தான் தொட்டியைக் கழுவவே வேண்டாம். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவை அவை. மொத்த ஆட்களையும் நீ ஒரே நாளில் கொன்றுவிட்டாய்.

திட்டி முடித்துவிட்டேன். இனி செய்ய வேண்டியது.

பினாயில் வாசனை போகும்வரை தொட்டியை வெறும் தண்ணீரில் கழுவு. ஆற்று மணல் மூன்று பங்கு, களி கலந்த செம்மண் இரண்டு பங்கு சேர். அடியில் உடைத்த செங்கல். மண் நான்கு விரல் உயரம் இருக்கட்டும். ஒரு பக்கம் மேலே அறுபது வாட்ஸ் பல்பு, அது சூட்டுப் பக்கம். மறுபக்கம் குளிர்ந்திருக்க வேண்டும், அங்கே மட்டும் ஒரு மூலை லேசாக ஈரம். சின்ன கற்றாழை ஒன்று, காய்ந்த இலை, மரப்பட்டை. தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே நனைத்த தேங்காய் நார் வை, அது தோல் உரிக்கும் இடம். சுவர்க்கோழிப் பூச்சி பிடித்து, கால்சியம் மாத்திரையைப் பொடித்து அதன் மேல் தூவிக் கொடு. கம்பெனி கரப்பான் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

கடைசியாக அந்தப் பூச்சிகள். அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மண்.

அந்தப் பல்லிக்கு ஒரு பெயர் உண்டு, அம்மா. சூப்பர்வைசர். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து முறைக்கிறது என்று அவன் வைத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

அவனை எடுத்த அன்றைக்கு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் மருமகன் ஜான்பீட்டர் தெருமுனையிலேயே ஐந்து மணி நேரம் நின்றார். ஒரு சொம்பு தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொற்கொடி


ஓசூர்
30-11-2008

சிட்டு,

நீ எழுதினபடி எல்லாம் செய்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

பாகலூர் ரோட்டில் கட்டிடம் கட்டுகிற இடத்தில் மணல் கேட்டேன். மேஸ்திரி சென்றாயன் நல்ல மனுஷன், "என்னாக்கா, அடுப்பு போடவா?" என்று கேட்டான். பல்லிக்கு என்றேன். பக்கத்தில் இருந்த சித்தாளைக் கூப்பிட்டு, "இந்தக்கா மகன் போனதிலிருந்து இப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்டது. மணலைத் தலையில் வைத்து நடந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் பாதி சிமெண்டு. தண்ணீர் பட்டதும் இறுகிப் போனது. உளி வைத்து உடைத்து எடுத்தேன்.

திரும்ப மணல், திரும்ப செம்மண். கற்றாழை நட்டேன். செடி என்றால் தண்ணீர் ஊற்றுவோமே, தினமும் ஒரு மக் ஊற்றினேன். ஒரு வாரத்தில் கற்றாழை அழுகி, மண் பூஞ்சை பிடித்து, வீடே நாறுகிறது. லேசாக ஈரம் என்று எழுதினாயே, லேசு என்றால் எவ்வளவு? வாத்தியாரம்மா மாதிரி எழுதத் தெரிந்தால் போதுமா? ஒரு மூடி, ஒரு கை என்று எழுத வேண்டாமா?

பல்பு போட்டால் கரண்ட் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்றே தெரியவில்லை. இந்த ஊர்க் குளிரில் பல்லி கல் மாதிரி கிடக்கிறது. சுடுதண்ணீர் பாட்டில் வைத்தேன். பாட்டில் ஆறியதும் அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டு என்னை முறைக்கிறது. சூப்பர்வைசர்தான், சந்தேகமில்லை.

பூச்சியும் தேடினேன். கம்பெனித் தோட்டத்தில் பூந்தொட்டி அடியில் நீ சொன்ன உருண்டைப் பூச்சி ஏழெட்டு இருந்தது. கொண்டுவர ஒன்றும் இல்லாமல் காலி பினாயில் பாட்டிலைக் கழுவி அதில் போட்டேன். வீடு வருவதற்குள் எல்லாம் செத்துவிட்டது. நன்றாகத்தான் கழுவினேன். அந்த வாசனை போகவே போகாது போலிருக்கிறது, என் கை மாதிரி.

வீட்டு ஓனர் கிருஷ்ணப்பன் நேற்று வாசலில் நின்றார். "ஏனம்மா வீரலச்சுமி, பல்லிக்குக் கண்ணாடி வூடு கட்டி பல்பு போட்டு வெச்சிருக்கிறீங்களே, எங்க சுவத்துல சும்மா ஓடுதே, அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதுங்களுக்கும் ஒரு ரூம் குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். போகும்போது சிரிக்காமல், நாற்றம் போகாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

எனக்கு அலுத்துவிட்டது, சிட்டு. பெத்ததையும் காப்பாற்ற முடியவில்லை, அது வளர்த்ததையும் காப்பாற்ற முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த அவன் பை பரண் மேல் இருக்கிறது. ஏட்டு போட்ட முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. வெளியே தடவினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆட்டினால் மண் சத்தம். அவன் செத்த அன்று ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரியில் கம்பெனி டிரெயினிங் என்று சொல்லிவிட்டுப் போனான். டிரெயினிங் போனவன் பையில் எதற்கு மண்? அவனுக்கு எந்த ஊர் மண்ணில் பூச்சி கிடைத்தது? உனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போயாவது கொண்டுவருகிறேன்.

அவன் இருந்தால் இந்த மாதமும் அவன் கம்பெனி கேன்டீனில் கொடுத்தார்கள் என்று எள்ளுருண்டை கொண்டுவந்திருப்பான். மாதம் தவறாது.

வீரலட்சுமி


கல்லாவி
8-12-2008

அம்மா,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

லேசு என்றால் இரண்டு மூடி தண்ணீர், வாரத்துக்கு ஒரு முறை, குளிர்ந்த மூலையில் மட்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. அதைச் சொல்லாதது என் தப்பு.

அந்த டப்பாவில் இருப்பது எங்கள் வீட்டு மண்.

கிருஷ்ணகிரியில் டிரெயினிங் எதுவும் இல்லை. அவன் இங்கே வந்திருந்தான். என் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதத்திலிருந்து, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு வருவான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் மெஷின் லைன் நிற்கும், அன்றைக்குத்தான் அம்மாவுக்கு முழு வேலை, ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும் என்பான். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. வந்தால் ஜான்பீட்டரின் செல்போன் கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் கார்டு விற்பான். "மாமா, ஓனர் சீட்டுல நான் உக்காந்தா யாவாரம் நல்லா ஆவுது பாத்தீங்களா" என்பான். எள்ளுருண்டையும் நான் கொடுத்து அனுப்பியதுதான். கேன்டீன் என்று அவன் சொன்ன பொய்க்கு நானும் கூட்டு.

அவன் கடைசியாக வந்ததற்கு முதல் நாள் மழை. தொட்டியில் பூச்சி குறைந்துவிட்டது என்றான். பின்பக்கம் மாமரத்தடியில் இலை மக்கிக் கிடக்கும், தோண்டினால் கிடைக்கும் என்று நான்தான் சொன்னேன். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவன். "போதும் விடுக்கா, லேட்டாவுது, அம்மா வந்துடும்" என்றான். "இருடா, இங்க பாரு, குட்டி போட்டிருக்குது" என்று நான்தான் நிறுத்தினேன். இருவரும் சேர்ந்து பொறுக்கினோம். மூன்றே முக்காலுக்குக் கிளம்பினான். முக்கால் மணி நேரத்தை வழியில் பைக்கை விரட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். சூளகிரி தாண்டி அந்த லாரி.

இதை உன்னிடம் சொல்லத்தான் அம்மா அவ்வளவு போன் பண்ணினேன். நீ எடுத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

பொற்கொடி


ஓசூர்
14-12-2008

பொற்கொடிக்கு,

கடிதம் வந்தது. படித்தேன்.

என் மகன் என்னிடம் பொய் சொல்லிவிட்டுச் செத்தான். அந்தப் பொய்க்கு நீ தீனி போட்டாய். மண் பொறுக்கினாயாம், மண். என் பிள்ளை வாயில் போட்ட மண் அது.

இந்தப் பல்லியை இனி வீட்டில் வைக்க மாட்டேன். சிப்காட்டுக்குப் பின்னால் பொட்டல் காடு இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன். பிழைத்தால் பிழைக்கட்டும்.

எழுத வேண்டாம்.


கல்லாவி
18-12-2008

அம்மா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதைக் காட்டில் விடாதே. அது நம் பக்கத்துப் பல்லியே இல்லை. பெங்களூர் கடையில் கண்ணாடிப் பெட்டியில் பொரிந்தது. சுவரில் ஏறக்கூட அதற்கு வராது, காலில் ஒட்டுகிற பசை கிடையாது. மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரி தாங்காது. காக்கை கொத்தும்.

உனக்கு வேண்டாமென்றால் ஜான்பீட்டர் வந்து வாங்கிக்கொள்வார். வீட்டுக்குள் வர மாட்டார். தெருமுனையில் நிற்பார்.

பொற்கொடி


ஓசூர்
1-2-2009

சிட்டு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன்.

ஒரு வாளியில் துணி போட்டு, அதற்குள் அதை வைத்து, மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் பின் கேட் வழியாகப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மாதப்பன், "வாளியில என்னாக்கா, கம்பெனி சாமான் வெளிய போவக் கூடாது" என்றான். துணியை விலக்கிக் காட்டினேன். "அய்ய, பல்லிக்கா! நல்ல வேளை, போ போ" என்று இரண்டடி தள்ளி நின்றான்.

பாறை ஓரம் வெயில் இருக்கிற இடமாகப் பார்த்து வாளியைச் சாய்த்தேன். இறங்கியது. நான்கு அடி நடந்தது. அப்புறம் நின்று, வெளிச்சம் பட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லி கண்ணை மூடி நீ பார்த்திருக்கிறாயா? அதுகளுக்கு இமையே கிடையாது. இது மனுஷர் மாதிரி இமையை மேலே இழுத்து மூடுகிறது. ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடிவிட்டது நான்தான். முதல் தடவை மூடவில்லை, இரண்டாம் தடவை கையை வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இது தானாகவே மூடிக்கொண்டு, பிறகு திறந்து, என்னைப் பார்த்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கையை நீட்டினேன். மெதுவாக வந்து உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. பாசம் என்று நினைக்க நான் பைத்தியமில்லை. கை சூடாக இருந்தது, அவ்வளவுதான். வாளியில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். மாதப்பன், "இன்னா, பல்லி கூட வேணாங்குதா?" என்றான். மேஸ்திரி ஒருத்தன், செக்யூரிட்டி ஒருத்தன். ஊரில் எல்லோருக்கும் நான் பைத்தியம்.

உன் கடிதம் மறுவாரம் வந்தது. மாடத்தில் வைத்துவிட்டேன். பதில் எழுதப் பிடிக்கவில்லை. அப்போதும் உன் மேல் கோபம் ஆறவில்லை. இப்போதும் முழுக்க ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் பரணில் இருந்து பையை இறக்கினேன். ஏட்டு போட்ட முடிச்சு பல்லால் கடித்தும் வரவில்லை. அரிவாள்மனையில் அறுத்தேன். உள்ளே அவன் கைக்குட்டை, மஞ்சள் துணி, டப்பா. டப்பா மூடியில் காய்ச்சின ஊசியால் வரிசையாக ஓட்டை போட்டிருந்தான். உள்ளே மண் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. உருண்டைப் பூச்சிகள் எல்லாம் உருண்டபடியே செத்திருந்தன. கையில் எடுத்தால் பொடிந்தன. மிளகு என்று எழுதியிருந்தாயே, சரிதான்.

கொட்டிவிடலாம் என்று வாசல் வரை போனேன். கொட்டவில்லை. நாறின பழைய மண்ணை எல்லாம் எடுத்துவிட்டு, சென்றாயன் சுத்தமான மணல் பார்த்துக் கொடுத்தான், அதில் செம்மண் கலந்து நிரப்பி, குளிர்ந்த மூலையில் உங்கள் வீட்டு மண்ணைப் போட்டேன். மேலே காய்ந்த இலை. இரண்டு மூடி தண்ணீர். அப்புறம் சும்மா இருந்தேன்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பதினைந்து வருஷமாகத் துடைப்பம் பிடித்த கை. எச்சம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, எடுக்கக் கூடாது. அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை வருகிறது, துடைக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன், கம்பெனியில் சூப்பர்வைசர் நிற்கிற மாதிரி. பத்து நாள் ஒன்றும் இல்லை. கிருஷ்ணப்பன் மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை இலையைத் தூக்கினேன். உப்பு கொட்டின மாதிரி இருந்தது. உப்பை யார் கொட்டினது என்று விரல் வைத்தேன். உப்பு குதித்தது.

செத்த மண்ணில் முட்டை இருந்திருக்குமா? உனக்குத்தான் தெரியும். உருண்டைப் பூச்சி ஒன்றும் பிழைக்கவில்லை. இந்தப் பொடிசு மட்டும் பிழைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பார்த்தபோது அந்த எச்சம் இருந்த இடத்தில் எச்சம் இல்லை. நான் எடுக்கவில்லை. நேற்று சூப்பர்வைசர் மூன்று சுவர்க்கோழி தின்றான். தின்றுவிட்டு, தயிர் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

அவன் கால்விரல் நுனியில் உரிந்த பழைய தோல் இன்னும் ஒட்டியிருக்கிறது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. நீ வந்து பார். மாமரத்தடி மண் இன்னொரு டப்பா எடுத்துக்கொள், உருண்டைப் பூச்சி வேண்டும். பைக்கில் வராதீர்கள், பஸ்ஸில் வாருங்கள். ஜான்பீட்டரைத் தெருமுனையில் நிறுத்தாதே.

இதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அந்தப் பையில் மண்ணோடு இன்னொன்றும் இருந்தது. மஞ்சள் துணியில் கட்டின எள்ளுருண்டை. எறும்பு தின்றது போக நான்கு. ஒன்றை வாயில் போட்டேன். காறிப்போய் இருந்தாலும் சுக்கு காரம் அப்படியே இருந்தது. எள்ளுருண்டையில் சுக்கு தட்டிப் போடுவது நம் வீட்டில் மட்டும்தான். என் கையைப் பார்த்து நீ கற்றுக்கொண்டது.

எந்தக் கம்பெனி கேன்டீனில் சுக்கு போட்டு எள்ளுருண்டை பிடிக்கிறார்கள்? நான் கம்பெனியிலேயே வேலை செய்கிறவள், எனக்குத் தெரியாதா? முதல் மாதம், முதல் கடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சிட்டு. அவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று தெரியும். நீ நன்றாக இருக்கிறாய் என்றும் அதிலேயே தெரிந்தது. வெல்லப்பாகு பதம் தப்பவே இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி, "கேன்டீன்ல நல்லாத்தான் பண்றானுங்க" என்று சொல்லிக்கொண்டே தின்றேன். ஒரு வருஷம். நானாக இறங்கி வந்ததாக இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

உன்னை நான் திட்டினேன், அவன் பொய்க்குத் தீனி போட்டாய் என்று. தின்றவள் நான்.

முக்கால் மணி நேரம் நீ நிறுத்தினாய் என்று அழுகிறாய். அவனுக்கு ஆறு மணி என்று ஒரு கெடு வைத்தது யார்? "எனக்குத் தெரியும்டா, பொறுமையா வா" என்று நான் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கு அவன் மெதுவாக வந்திருப்பானா?

அம்மா